போயிட்டு வாங்க என்று சொல்லும் வார்டு

எனக்கு எழுத்து சரியாக வராது. தொடக்கப்பள்ளியோடு என் படிப்பு நின்றுவிட்டது. அதற்குப் பிறகு கையெழுத்துப் போடவும், சாமான் வாங்க எழுதிக்கொண்டு போகவும்தான் பேனாவைத் தொட்டிருக்கிறேன். மறதியும் வந்துவிட்டது. முகம் ஞாபகம் இருக்கும், பேர் ஓடிவிடும். முன்னால் நடந்ததைப் பின்னால் எழுதியிருந்தால் படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். நாலு பேர் நடுவில் பேசச் சொன்னாலே எனக்கு வேர்த்துவிடும். எழுதச் சொன்னால் கேட்கவே வேண்டாம்.

ஆனாலும் எழுதுகிறேன். கவிதா விடவில்லை.

கவிதா இங்கே சிங்கப்பூரில் எங்கள் ஆஸ்பத்திரி வார்டுக்குத் திருச்சியிலிருந்து புதிதாக வந்த நர்ஸ். நான் வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டேன் என்றாலும் வியாழக்கிழமை மத்தியானம் மட்டும் வார்டுக்குப் போய் டீ போட்டுக் கொடுப்பேன். ஒரு வியாழக்கிழமை நான் பேன்ட்ரியில் இஞ்சி தட்டிக்கொண்டிருந்தபோது இந்தப் பெண் ஓடி வந்தது.

"ஆன்ட்டி, ரோஹானா என்ன சொல்றாங்கன்னு கேட்டீங்களா? டிஸ்சார்ஜ் ஆகிப் போறவர்கிட்ட, அதுவும் தமிழ்ல, 'போயிட்டு வாங்க'ன்னு சொல்றாங்க! அவரோட அம்மா மூஞ்சியப் பாக்கணுமே. எங்க ஊர் ஆஸ்பத்திரியில இப்படிச் சொன்னா அடிக்க வந்துடுவாங்க."

ரோஹானா மலாய்க்காரப் பெண். என்னைப் போலவே அட்டெண்டண்ட். பின்னாலேயே வந்து நின்று, "ஆன்ட்டிதான் சொல்லிக் குடுத்தாங்க லா" என்று என்னைக் காட்டிக் கொடுத்துவிட்டாள்.

கவிதா இடுப்பில் கைவைத்துக்கொண்டு என்னைப் பார்த்தது. "ஏன் ஆன்ட்டி இப்படி?" நான் இஞ்சியைப் பார்த்துக்கொண்டு ஏதோ முணுமுணுத்தேன். "முணுமுணுத்தா ஆகாது. வார்டு புதுக் கட்டடத்துக்கு மாறப் போவுது. அதுக்கு ஒரு நினைவு மலர் போடறோம். எழுதிக் குடுங்க, நாங்க டைப் அடிச்சுக்கறோம்" என்றது. அதனால் இது.

நம் ஆட்கள் வீட்டை விட்டுக் கிளம்பும்போது 'போறேன்' என்று சொல்ல மாட்டோம். 'போயிட்டு வரேன்' என்போம். வழியனுப்புகிறவரும் 'போயிட்டு வாங்க' என்பார். ஆஸ்பத்திரியில் மட்டும் இது தலைகீழ். அங்கே 'வாங்க' என்ற சொல்லே வாயில் வரக் கூடாது. 'நல்லபடியாப் போங்க, இந்தப் பக்கம் திரும்பியே பாக்காதீங்க' என்றுதான் சொல்லி அனுப்புவோம். எனக்கும் அப்படித்தான் பழக்கம்.

நான் முதலில் அலுவலகங்களைத் துப்புரவு செய்யும் வேலையில் இருந்தேன். பிறகு ஆஸ்பத்திரியில் அட்டெண்டண்ட் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று என் நாத்தனார் இழுத்துக்கொண்டு போனாள். பயிற்சி கொடுத்தார்கள். படுக்கை விரிப்பது, ஆளைப் புரட்டுவது, கை கழுவுவது, தூக்கும்போது முதுகு போகாமல் முழங்காலை மடக்குவது. வகுப்பில் கேள்வி கேட்டால் பதில் தெரிந்தாலும் சொல்ல மாட்டேன். கையால் செய்து காட்டச் சொன்னால் செய்துவிடுவேன். அப்படித்தான் தேறினேன்.

பயிற்சி முடிந்ததும் யாரும் போகப் பிரியப்படாத வார்டில் போட்டார்கள். குடியை நிறுத்த வருகிறவர்களின் வார்டு. "கத்துவாங்க, வாந்தி எடுப்பாங்க, ஏசுவாங்க" என்று பயமுறுத்தினார்கள். எல்லாம் உண்மைதான். ஆனால் நான் ஓய்வு பெறும்வரை வேறு வார்டு கேட்கவில்லை.

எங்கள் வேலை எப்படி என்று புதிதாக வருகிறவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். ஆள் வந்ததும் பையைப் பார்க்க வேண்டும். பாட்டில் ஒளித்திருக்கிறார்களா என்று மட்டும் பார்த்தால் போதாது. வாய் கொப்பளிக்கிற மருந்து, வாசனைத் தண்ணீர், கை துடைக்கிற ஜெல் எல்லாவற்றையும் எடுத்து வைத்துவிட வேண்டும். தவிப்பு வந்தால் அதையும் குடித்துவிடுவார்கள். பாசிர் ரிஸ்ஸிலிருந்து ஒரு பெரியவர் முடி வளர்கிற டானிக் பாட்டிலோடு வந்தார். தலையில் ஒரு முடி கிடையாது. "நம்பிக்கைதான்மா" என்றார். நானும் சிரித்துவிட்டேன். பாட்டிலை மட்டும் வாங்கிக்கொண்டேன்.

படுக்கை விரிப்பில் பூப்போட்டது ஆகாது. வெறும் வெள்ளை அல்லது வெளிர்நீலம். திடீரென்று குடி நின்ற மனிதனுக்கு மூளை குழம்பினால் பூவெல்லாம் பூச்சியாக ஊரும். கட்டிலிலிருந்து பார்த்தால் தெரிகிற மாதிரி பெரிய கடிகாரம், பெரிய நாள்காட்டி. குழம்பிப்போனவரிடம் நாம் வாதாடக் கூடாது, அவர் சொல்வதற்கு ஆமாம் போடவும் கூடாது. "இது ஆஸ்பத்திரி. இன்னைக்கு இன்ன கிழமை. நான் பாக்கியம்." அவ்வளவுதான். அதையே சொல்லிக்கொண்டிருக்க வேண்டும்.

தண்ணீர் கொடுப்பதற்கும் முறை உண்டு. கிளாஸை நிறைக்கக் கூடாது, பாதிதான். கை நடுங்குகிறவரிடம் நிறைந்த கிளாஸைக் கொடுத்தால் நெஞ்சில் கொட்டிக்கொள்வார். கொட்டினால் வெட்கம் வரும். வெட்கம் கோபமாகும். கோபத்தில் எழுந்து வீட்டுக்குக் கிளம்பிவிடுவார். பாதிக் கிளாஸை இரண்டு கையாலும் நீட்டி, அவருடைய இரண்டு கையும் அதைப் பிடித்த பிறகும் ஒரு நொடி விடாமல் இருக்க வேண்டும். இதை எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் சிஸ்டர் ஜமீலா.

சிஸ்டர் ஜமீலாதான் வார்டுக்குப் பொறுப்பு. அவர் குடும்பம் சிராங்கூன் ரோட்டில் பல காலம் ஜவுளிக்கடை வைத்திருந்த தமிழ் முஸ்லிம் குடும்பம். ஒல்லியாக இருப்பார். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் பேனா மூடியைக் கழற்றிக் கழற்றி மாட்டுவார். அந்தச் சத்தம் கேட்டாலே நாங்கள் சுவரோரமாகப் போய்விடுவோம்.

நோயாளியிடம் அவர் நின்றுகொண்டு பேச மாட்டார். அவசரமாக இருந்தாலும் நாற்காலியை இழுத்துப் போட்டு, உட்கார்ந்து, உடையைச் சரிசெய்துகொண்டு, அப்புறம்தான் வாயைத் திறப்பார். முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான். "கடைசியா எப்ப குடிச்சீங்க?" சாப்பிட்டாச்சா என்று கேட்கிற மாதிரியே கேட்பார். ஏன் குடித்தீர்கள் என்று கேட்டு நான் பார்த்ததே இல்லை. ஒருமுறை ஒரு புது நர்ஸ், "அந்தக் குடிகாரர் கூப்பிடறார் சிஸ்டர்" என்றது. சிஸ்டர் சுற்றிமுற்றிப் பார்த்துவிட்டு, "அப்படி ஒரு பேர்ல நம்ம வார்டுல யாரும் இல்லையே" என்றார். அந்தப் பெண் அப்புறம் அந்தச் சொல்லைச் சொல்லவில்லை.

வார்டுக்கு வந்த புதிதில் சிஸ்டர் ஒன்றைக் கவனித்தார். இங்கே குணமாகிப் போனவர்களில் பாதிப்பேர் மறுபடி குடிக்கிறார்கள். அது இந்த நோயின் இயல்பு. ஆனால் அவர்கள் முதல் கிளாஸ் குடித்ததும் நம்மிடம் வருவதில்லை. மாசக்கணக்கில் குடித்து, கீழே விழுந்து, ஆம்புலன்ஸில்தான் வருகிறார்கள். அப்படி வந்த ஒருவரிடம் உட்கார்ந்து கேட்டார், "முன்னாலயே வந்திருக்கலாமே?" அவர் சொன்னார்: "திரும்பி வராதீங்கன்னு கும்பிட்டு அனுப்பினீங்க. எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு வர்றது?"

அன்றைக்கே எங்களைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். இந்த வார்டில் மட்டும் யாரை அனுப்பினாலும் போயிட்டு வாங்க என்றுதான் சொல்ல வேண்டும். அவரவர் மொழியில். மருந்து கொடுக்கிற மாதிரி இதுவும் ஒரு முறை.

மற்றவர்களுக்கு இது பெரிய விஷயமில்லை. சீனத்தில், மலாயில், இங்கிலீஷில் எளிதாகச் சொல்லிவிட்டார்கள். தமிழ் நோயாளிகளை வாசல்வரை கொண்டுபோய் விடுவது நான். எனக்கு நாக்கு எழவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் ஒரு மனுஷனைப் பார்த்து எப்படிச் சொல்வது? கும்பிட்டுச் சிரித்துச் சமாளித்தேன். சிஸ்டர் பார்த்துவிட்டார்.

"பாக்கியம், என்கிட்ட சொல்லிப் பாருங்க."

"உங்ககிட்டயா சிஸ்டர்?"

"ஆமா. நான் இப்ப டிஸ்சார்ஜ். கிளம்பறேன்." கதவுவரை நடந்துபோய்த் திரும்பி நின்றார். நான் புடவைத் தலைப்பு இல்லாத யூனிஃபார்மில் தலைப்பைத் தேடினேன். வாய் திறக்கவில்லை. அவர் அரைகுறையாகச் சிரித்துவிட்டு, "வரும், வரும்" என்று போய்விட்டார்.

அது வந்தது சவரிமுத்துத் தம்பி விஷயத்தில்தான்.

சவரிமுத்து உட்லண்ட்ஸ்காரர். பஸ் பழுதுபார்க்கிற பட்டறையில் மெக்கானிக். கத்தோலிக்கர். ரெஜினா அவர் மனைவி, பள்ளிக்கூடக் கேன்டீனில் கடை வைத்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை பூசைக்குத் தவறாமல் போகிற குடும்பம். சவரிமுத்து தினமும் குடிப்பார். வாரக்கடைசியில் எல்லை தாண்டி மலேசியாவின் ஜொகூருக்குப் போய் வந்தால் இன்னும் கூடும். ஆனால் ஒவ்வொரு வருஷமும் தவக்காலம் பிறந்தால் ஒரு சொட்டுத் தொட மாட்டார். சாம்பல் புதனன்று நெற்றியில் சாம்பல் பூசிக்கொண்டு நிறுத்துவார். நாற்பது நாளும் கழிந்து ஈஸ்டர் பூசை முடிந்த பிறகுதான் பாட்டில் திறக்கும். கோயிலில் எல்லாருக்கும் இது தெரியும். "சவரி நினைச்சா நிறுத்திடுவான், மனசுல அவ்ளோ உறுதி" என்று அவரைப் பெருமையாகச் சொல்வார்கள். ரெஜினாவும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தது. நினைத்தால் நிறுத்தக்கூடியவருக்கு எதற்கு ஆஸ்பத்திரி?

அந்த வருஷமும் சாம்பல் புதனன்று நிறுத்தினார். ஆனால் குடி அதற்குள் வேறு அளவுக்குப் போயிருந்தது. வியாழனன்று கை நடுங்கி ஸ்பேனர் நிற்கவில்லை. ஜுரம் என்று நினைத்தார்கள். வெள்ளிக்கிழமை மாலை கோயிலில் சிலுவைப்பாதை நடக்கும்போது வலிப்பு வந்து பெஞ்சுகளுக்கு நடுவில் விழுந்துவிட்டார். எங்களிடம் கொண்டுவந்தார்கள்.

சனிக்கிழமை காலையில் நான் போனபோது தெளிவாகத்தான் இருந்தார். வேர்வையில் சட்டை நனைந்திருந்தது. விரல்களை விரித்து நீட்டச் சொல்லி, மேலே ஒரு காகிதத்தை வைத்துப் பார்ப்போம். அவர் கையில் வைத்த காகிதம் பறந்தே போய்விட்டது.

"அக்கா, நான் குடிக்கிற ஆளே இல்ல. கோயில்ல யாரை வேணாலும் கேளுங்க. தவக்காலத்துல தொடவே மாட்டேன்."

"தெரியும் தம்பி. தண்ணி குடிங்க."

வலிப்பு மறுபடி வராமலிருக்க டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரை ஒன்று உண்டு. கொஞ்சம் மயக்கம் தரும், நடுக்கத்தைப் படிப்படியாக இறக்கும். அதை அவர் வாயில் போட்டுக்கொண்டு, நர்ஸ் திரும்பியதும் துப்பித் தலையணைக்கடியில் வைத்திருந்தார். விரிப்பை மாற்றும்போது நான்தான் பார்த்தேன். சிஸ்டரிடம் சொன்னேன்.

சிஸ்டர் வந்தார். நாற்காலியை இழுத்தார். உட்கார்ந்தார். "மாத்திரை கசக்குதா?"

"சிஸ்டர், நான் மாதா முன்னால சத்தியம் பண்ணியிருக்கேன். போதை எதுவும் உடம்புல ஏறாதுன்னு. இது குடுத்தா தலை கிர்ருங்குது. இதுவும் அதுவும் ஒண்ணுதானே? செத்தாலும் சத்தியத்த உடைக்க மாட்டேன்."

"சாகத்தான் போறீங்க" என்றார் சிஸ்டர், மெதுவாக. ரெஜினா வாயைப் பொத்திக்கொண்டது. "பயமுறுத்தல. உங்க உடம்பு குடிக்குப் பழகிடுச்சு. திடீர்னு நிறுத்தினா அது தாங்காது. நேத்து விழுந்தீங்கல்ல, அது ஆரம்பம். இனிமே வர்றதுல ஆள் போயிடறதும் உண்டு. நீங்க நிறுத்தினது சரி. தனியா நிறுத்தினதுதான் தப்பு. எங்க நோன்புலயும் உடம்பு முடியாதவங்களுக்கு விலக்கு இருக்கு."

"உங்க நோன்பு வேற சிஸ்டர்."

சிஸ்டர் பேனாவைத் தொடவில்லை. கோபப்படவில்லை என்று எனக்குத் தெரிந்தது. "சரி. அப்ப உங்க ஃபாதர்கிட்டயே கேட்போம்" என்றார்.

ரெஜினா ஃபாதருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தது. ஃபாதர் எல்லாவற்றையும் கேட்டார். "சவரி, மருந்து சாப்பிட்டா எந்த விரதமும் கெடாது. சிஸ்டர் குடுக்கறத மொதல்ல முழுங்கு. மாதாகிட்ட நான் பேசிக்கறேன்" என்றார். அந்த நிலைமையிலும் சவரிமுத்துவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயைத் திறந்து காட்டி மாத்திரையை விழுங்கினார். நான் பாதிக் கிளாஸைப் பிடித்துக்கொண்டேன்.

ஆனால் நேரம் கடந்திருந்தது. மத்தியானத்துக்குள் ஆள் மாறிவிட்டார். கையில் எறும்பு ஊர்கிறது என்று தேய்த்தார். பிறகு மல்லாந்து படுத்து, கண்ணுக்குத் தெரியாத பஸ்ஸுக்கு அடியில் வேலை பார்க்க ஆரம்பித்தார். காற்றில் நட்டு முடுக்கினார். என்னைப் பார்த்து, "பதினாலாம் நம்பர் எங்கடா? எடுத்துக் குடுடா!" என்று கத்தினார். டாக்டர் வந்து ஊசி போட்டார். விட்டமின் மருந்தை நரம்பில் ஏற்றினார்கள். இழுத்துவிடாமல் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு நான் உட்கார்ந்தேன்.

"இது ஆஸ்பத்திரி. இன்னைக்குச் சனிக்கிழமை. நான் பாக்கியம்."

"ஸ்பேனர் எங்கடா, பாழாப்போனவனே!"

"இது ஆஸ்பத்திரி. இன்னைக்குச் சனிக்கிழமை. நான் பாக்கியம்."

எத்தனை முறை சொன்னேன் என்று எனக்குத் தெரியாது. நாலு பேர் முன்னால் பேச வராத எனக்கு அந்த மூன்று வாக்கியம் மட்டும் எத்தனை தரம் வேண்டுமானாலும் வரும். மறுநாள் கிழமையை மாற்றிச் சொன்னேன். அதற்கு மறுநாளும். ஒரு காலையில் அவர் நாள்காட்டியைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். "செவ்வாய்க்கிழமை. நீங்க பாக்கியம் அக்கா" என்றார். ரெஜினா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு அழுதது. நான் விரிப்பைச் சரிசெய்கிற மாதிரி குனிந்துகொண்டேன்.

உடம்பு தேறியதும் சவரிமுத்துவுக்குப் பழைய தைரியம் வந்துவிட்டது. சிஸ்டர் வந்து உட்கார்ந்து, "ஈஸ்டருக்கு என்ன ஏற்பாடு?" என்று கேட்டார்.

"ஈஸ்டர்னா கேக்கணுமா சிஸ்டர்! பூசை, மட்டன், பிரியாணி, சொந்தக்காரங்க எல்லாம் வருவாங்க. அப்புறம் சும்மா, லேசா ஒரு..." அவர் விரலால் அளவு காட்டினார்.

ரெஜினா எழுந்து வெளியே போய்விட்டது. சவரிமுத்துவின் விரல் அப்படியே நின்றது.

"உங்க மன உறுதியில எனக்குச் சந்தேகமே இல்ல" என்றார் சிஸ்டர். "அது இருக்கறதாலதான் இவ்வளவு வருஷம் யாருக்கும் தெரியாமப் போச்சு, உங்களுக்கும் சேர்த்து. தவக்காலத்துக்கு ஒரு கடைசி நாள் இருக்கு. நீங்க அந்த நாளைப் பாத்துக்கிட்டுத்தான் தாங்கினீங்க. இதுக்குக் கடைசி நாள் கிடையாது. அதனாலதான் தனியா முடியாதுங்கறேன்."

சவரிமுத்து விரலை மடக்கிக்கொண்டார். பிறகு, "சரி, ஈஸ்டருக்கும் தொட மாட்டேன். போதுமா?" என்றார். ஆனால் குடி ஆசையைக் குறைக்கிற மாத்திரை வேண்டாம் என்றுவிட்டார். வியாழக்கிழமை கூட்டமும் வேண்டாம். இங்கேயிருந்து குணமாகிப் போனவர்கள் வியாழக்கிழமை மத்தியானம் ஒன்றாக உட்கார்ந்து பேசுவார்கள், தமிழ் ஆட்களுக்கென்று தனியாக ஓர் அறை உண்டு. "நாலு பேர் முன்னால என் கதையச் சொல்லிக்கிட்டு... நானே பாத்துக்குவேன் சிஸ்டர்."

நான் பேன்ட்ரியில் கிளாஸ் கழுவிக்கொண்டிருக்கும்போது ரெஜினா வந்து பக்கத்தில் நின்றது. "அக்கா, இவர் இனி ஒரு தடவை குடிச்சா நான் எங்க அக்கா வீட்டுக்குப் போயிடுவேன். சொல்லிட்டேன் அவர்கிட்ட. தரையில கிடக்கறதப் பாத்தாச்சு. இன்னொரு வாட்டி பாக்க எனக்குத் தெம்பு இல்ல." கோபமாகச் சொல்லவில்லை. களைத்துப்போய்ச் சொன்னது.

கிளம்புகிற நாள் வந்தது. ரெஜினா பையைத் தூக்கிக்கொண்டது. சவரிமுத்து மழுமழுவென்று சவரம் செய்து, மாப்பிள்ளை மாதிரி நின்றார். நான் வார்டின் கண்ணாடிக் கதவுவரை கூடப் போனேன். திரும்பிப் பார்த்தால் சிஸ்டர் மேசையிலிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இந்த மனுஷன் மறுபடி குடித்தால் ரெஜினா போய்விடும். ரெஜினா போய்விட்டால் இவர் எங்கே போவார்? வீட்டில் தனியாகக் குடிப்பார். இல்லை, ரோஷப்பட்டுத் தனியாக நிறுத்துவார். இரண்டும் சாவுதான். போவதற்கு ஓர் இடம் வேண்டும். அது நினைவுக்கு வந்ததும் என் வாய் தானாகத் திறந்தது.

"போயிட்டு வாங்க தம்பி."

ரெஜினா சட்டென்று நின்றது. "என்னக்கா சொல்றீங்க? ஆஸ்பத்திரி வாசல்ல நின்னுக்கிட்டு? வாயில நல்ல வார்த்தையே வராதா உங்களுக்கு?"

நான் கதவைப் பிடித்துக்கொண்டேன். ஆனால் ஆரம்பித்ததை நிறுத்தவில்லை. "குடிக்காம இருந்தாலும் வாங்க. குடிச்சுட்டாலும் வாங்க. குடிச்சா அன்னைக்கே வாங்க. வியாழக்கிழமைன்னா டீ இருக்கும். மத்த நாள்னா நான் இருப்பேன்."

"லூசாக்கா நீங்க? குடிச்சுட்டு வாங்கன்னு சொல்லி அனுப்பறீங்களா?"

சிஸ்டர் எழுந்து வந்தார். "நான்தான்மா அப்படிச் சொல்லச் சொன்னேன். ஏசறதா இருந்தா என்னை ஏசுங்க."

"நல்ல ஆஸ்பத்திரி, நல்ல சிஸ்டர்!" ரெஜினா பையை இழுத்துக்கொண்டு லிஃப்டுக்குப் போய்விட்டது. சவரிமுத்துவும் பின்னால் போய் லிஃப்டில் ஏறினார். கதவு மூடும்போது என்னைப் பார்த்தார். சிஸ்டர் என் தோளில் தட்டி, "வந்துடுச்சு பாத்தீங்களா" என்றார். எனக்கு அழுகையாக வந்தது.

ஈஸ்டருக்கு மறுநாள் திங்கட்கிழமை. காலைச் சாப்பாட்டுத் தட்டுகளை எடுத்துக்கொண்டு வரும்போது கண்ணாடிக் கதவுக்கு வெளியே ஓர் ஆள் நிற்பது தெரிந்தது. மணியை அழுத்தவில்லை. கை மணிவரை போகிறது, திரும்பி வருகிறது. நல்ல வெள்ளைச் சட்டை, ஈஸ்டருக்கு எடுத்தது போல, கசங்கிப்போயிருந்தது. சவரிமுத்து.

தட்டுகளை அங்கேயே வைத்துவிட்டுக் கதவைத் திறந்தேன். வாடை வந்தது.

"அக்கா" என்றார். சட்டைக் கசங்கலை இழுத்துவிட்டுக்கொண்டார். பிறகு, "நீங்கதானே வரச் சொன்னீங்க" என்றார்.

"ஆமா தம்பி. வாங்க."

உட்லண்ட்ஸிலிருந்து தனியாக எம்ஆர்டி ரயிலில் வந்திருக்கிறார். ஆம்புலன்ஸ் இல்லை, கூட ஆள் இல்லை, தன் காலால் நடந்து வந்திருக்கிறார். உட்கார வைத்துப் பாதிக் கிளாஸ் தண்ணீர் கொடுத்தேன். இரண்டு கையாலும் பிடித்தார். நான் விடவில்லை.

சிஸ்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "கடைசியா எப்ப குடிச்சீங்க?"

"இப்ப காலையில. நடுக்கத்துக்காக. நேத்து சாப்பாட்டுக்கப்புறம் மச்சான் ஒரு கிளாஸ் ஊத்தினான். வேணாம்னேன். 'ஈஸ்டருக்குக்கூடவா'ன்னான். ஒண்ணுதான்னு குடிச்சேன். அப்புறம் பாட்டில் முடிஞ்சதுதான் தெரியும். ரெஜினா பெட்டிய எடுத்துக்கிட்டு பாசிர் ரிஸ்ல அவ அக்கா வீட்டுக்குப் போயிட்டா." தலையைத் தொங்கப்போட்டார். "காலையில எழுந்து, இன்னைக்கே நிறுத்திடறேன்னு மிச்சமிருந்த இன்னொரு பாட்டில சிங்க்ல ஊத்தப் போனேன் சிஸ்டர். அப்பத்தான் நீங்க சொன்னது ஞாபகம் வந்துச்சு, தனியா நிறுத்தினாத் தாங்காதுன்னு. எங்க போறதுன்னு தெரியல. என் உறுதி இவ்வளவுதான்."

சிஸ்டர் கேட்டார், "பட்டறையில எஞ்சினைக் கீழ இறக்கறீங்களே, கையால தூக்கியா இறக்குவீங்க?"

"அது எப்படி முடியும்? செயின் புளோக்குன்னு சங்கிலிக் கப்பி இருக்கு, அதுல மாட்டித்தான்."

"கையில பலம் இல்லாததாலயா?"

"பலம் இருந்தா மட்டும் எஞ்சினைத் தூக்கிடலாமா சிஸ்டர்? எவனும்..." அங்கேயே நிறுத்திவிட்டார். சிஸ்டரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "மாத்திரையக் குடுங்க" என்றார்.

இந்த முறை வலிப்பும் வரவில்லை, எறும்பும் ஊரவில்லை. ஒரே நாள் குடியோடு வந்துவிட்டதால் சீக்கிரம் தெளிந்தார். ஆசையைக் குறைக்கிற மாத்திரையையும் ஒத்துக்கொண்டார். வியாழக்கிழமை கூட்டத்துக்கு வந்து ஓரத்தில் உட்கார்ந்து, முதல் சில வாரம் டீயை மட்டும் குடித்துவிட்டுப் போனார். அவர் பேசாமல் இருந்ததை யாரும் கேட்கவில்லை. நானும் பேசாத ஆள்தானே, எனக்கு அது பெரிய விஷயமாகத் தெரியவில்லை. மாதா படத்துக்கு முன்னால் செய்திருந்த சத்தியத்தையும் ஃபாதரிடம் சொல்லி மாற்றிக்கொண்டாராம். குடிக்க மாட்டேன் என்ற சத்தியத்தை விட்டுவிட்டு, குடித்தால் மறைக்க மாட்டேன் என்று. எனக்கு அந்தச் சத்தியம் ரொம்பப் பிடித்தது.

ரெஜினா கொஞ்ச நாள் கழித்துத்தான் வந்தது. நேராகப் பேன்ட்ரிக்கு வந்து என் முன்னால் நின்றது. "அக்கா, அன்னைக்கு உங்கள ஏசிட்டேன்."

"அதனால என்ன."

"அவர் போன் பண்ணி, 'நானே ஆஸ்பத்திரிக்கு வந்து சேந்துட்டேன்'னு சொன்னாரு. கல்யாணமான நாள்லேருந்து அவரா எதையும் வந்து சொன்னது அதுதான் மொத தடவை." பிறகு ஈரக் கிளாஸ்களைத் துடைக்க ஆரம்பித்தது. அதற்கப்புறம் குடும்பத்தினருக்கு நடக்கும் கூட்டத்துக்கு அதுவும் வந்தது. அவர் மாத்திரையைத் தினமும் காலையில் ரெஜினாவின் கண் முன்னால்தான் போடுவார். அடித்துக்கொள்ளாத குறையாகச் சண்டையும் போடுவார்கள், அதையும் வியாழக்கிழமை வந்து சொல்லிச் சிரிப்பார்கள்.

அதோடு எல்லாம் முடிந்தது என்று எழுதினால் பொய். பிறகும் ஒருமுறை சறுக்கினார், பட்டறை நண்பர் ஒருவரின் சாவு வீட்டில். அன்றைக்கு மாலையே வந்துவிட்டார். மணியை உடனே அழுத்தினார். கதவைத் திறந்ததும், "அக்கா, வந்துட்டேன்" என்றார், வேலை முடிந்து வீட்டுக்கு வருகிறவர் மாதிரி. அதற்குப் பிறகு இன்றுவரை இல்லை.

எனக்கு வாய் திறந்துவிட்டது. தமிழ் நோயாளிகள் யார் போனாலும் கதவருகே நின்று சொன்னேன். சிலர் முறைத்தார்கள், ஒரு அம்மா தரையைத் தொட்டு உச்சுக்கொட்டி விரலை நெட்டி முறித்தது. அங்கேயே நின்று ஏன் என்று விளக்கினேன். விளக்க விளக்கப் பேசவும் கொஞ்சம் பழகிவிட்டேன். ரோஹானா என்னிடமிருந்து கற்றுக்கொண்டு, தமிழ் ஆட்களுக்கு மட்டுமில்லாமல் சீனத் தாத்தாக்களுக்கும் 'போயிட்டு வாங்க' சொல்ல ஆரம்பித்துவிட்டாள். அவர்களும் தலையாட்டிக்கொண்டு போனார்கள். இப்போது வார்டில் முன்பை விட நிறையப் பேர் தாங்களாகவே மணியை அழுத்துகிறார்கள் என்று சிஸ்டர் ஓய்வு பெறும்போது சொன்னார். அந்தப் பேச்சை நான் பின்வரிசையில் நின்று கேட்டேன். அவர் என் பேரைச் சொல்லி என்னைக் கைகாட்டினார். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு வேர்த்தது. ஆனால் தலை குனியவில்லை.

நான் பெரிய வேலை பார்க்கவில்லை. மருந்து கொடுத்தது டாக்டர், வழி சொன்னது சிஸ்டர், குடியை விட்டது சவரிமுத்து. நான் விரிப்பு மாற்றினேன், தண்ணீர் கொடுத்தேன், கிழமை சொன்னேன், கதவு திறந்தேன். ஆனால் அந்தக் கதவை நான் திறந்தேன் என்பதில் எனக்குப் பெருமைதான். அதை இந்த வயதில் ஒளித்து வைக்கத் தோன்றவில்லை.

நான் ஓய்வு பெற்ற நாளில் கேக் வெட்டினார்கள். பையை எடுத்துக்கொண்டு கிளம்பியபோது எனக்கு முன்னால் போய்க் கண்ணாடிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றது சவரிமுத்து. கூடவே ரெஜினா. இருவரும் ஒரே நேரத்தில் வாயைத் திறந்தார்கள். ரெஜினாதான் முந்திக்கொண்டது.

"போயிட்டு வாங்கக்கா."

அதனால்தான் வியாழக்கிழமை வந்துகொண்டிருக்கிறேன்.

கவிதா, ஒரு வேண்டுகோள். நான் எழுதியதில் கிழமைகளும் முன்பின் நடந்ததும் சரியா என்று எனக்கு நிச்சயமில்லை. அவர் கேட்டது பதினாலாம் நம்பர் ஸ்பேனரா, பன்னிரண்டா என்பதும் மறந்துவிட்டது. என்னைப் பற்றி எழுதுங்கக்கா, புதுசா வர்றவங்க தெரிஞ்சுக்கட்டும் என்று அவர்தான் சொன்னார், ஆனாலும் அச்சுக்குப் போகும் முன்னால் அவரே ஒருமுறை படித்துப் பார்த்துத் திருத்தினால் நல்லது. அவரைத் தேட வேண்டாம். வியாழக்கிழமை டீ நேரத்தில் தமிழ் அறைக்குப் போனால், கதவுக்குப் பக்கத்து நாற்காலியில் புதிதாக வந்தவர் யாருக்காவது பாதிக் கிளாஸ் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். கையில் இப்போது நடுக்கம் இல்லை. அவர் தண்ணீர் கொடுத்து முடித்ததும் கேளுங்கள்.